காலிக் கட்டத்துக்கு சைபர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேராசிரியை கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டு நாம் வேறு வேலையைப் பார்க்கப் போயிருக்கலாம். காலை எட்டரைக்கெல்லாம் துறைக்கு வந்து, அறை ஜன்னலைத் தன் கையாலேயே துடைத்து, மாணவர்கள் வருவதற்குள் ஒரு டம்ளர் டீயை நன்றாக ஆற வைத்துக் குடிக்கிற மனுஷி. யாரையும் அதட்டிப் பேசியதில்லை. முப்பத்திரண்டு வருஷம் ஒரே கட்டடத்தில், ஒரே மாடியில் மனோதத்துவம் சொல்லிக்கொடுத்தாள்.

அவள் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சிதான் வில்லங்கம். ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவில் நடப்பது, நடக்கக் கூடாதது, அது கோர்ட்டுக்கு வந்தால் யார் சொல்வதை யார் நம்புகிறார்கள், எதனால் நம்ப மறுக்கிறார்கள். இதையே வருஷக்கணக்கில் நோண்டிக்கொண்டிருந்தாள். கல்யாண வீட்டில் யாராவது "சின்னவ காலேஜ்ல என்ன பாடம் எடுக்கிறா?" என்று கேட்டால் அவளுடைய அம்மா கண்ணைக்கூட இமைக்காமல் "கணக்கு" என்று சொல்லிவிடுவாள். அதை நம்பி ஒரு சித்தப்பா தன் மகளை டியூஷனுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பேராசிரியையும் அம்மாவின் மானத்தைக் காப்பாற்ற ஆறு மாதம் அந்தப் பெண்ணுக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்தாள். அவளுடைய கேள்வித்தாளை அச்சடித்த அச்சகத்துக்காரரோ, "பிழையெல்லாம் நீங்களே திருத்திக்குங்க மேடம், எனக்கு ரத்தக்கொதிப்பு இருக்கு" என்று தாளைக் கவிழ்த்து நீட்டிவிட்டார்.

மாணவர்கள் வைத்த பெயர் 'கட்டம் மேடம்'. எதைக் கேட்டாலும் கட்டம் கட்டமாக ஒரு தாளை நீட்டி டிக் போடச் சொல்வாள் என்பதால் வந்த பெயர். அவளுக்கும் அது தெரியும். தெரிந்தும் சிரித்துக்கொண்டே போய்விடுவாள்.

அம்மா காலமான பிறகு வீட்டில் அவளும் அக்காவும் மட்டும்தான். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. பேராசிரியைக்கு ஆராய்ச்சியில் நேரம் போய்விட்டது. அக்காவுக்கு வந்த வரன்களையெல்லாம் அக்காவே ஏதோ சொல்லித் தட்டிக்கழித்தாள், அவ்வளவுதான் வீட்டில் தெரியும். அக்கா ஒரு சரக்கு லாரி ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தவள். தங்கையைவிட நாலு வயது மூத்தவள், வாய் கொஞ்சம் ஜாஸ்தி. அறுபது வயதுத் தங்கையை இன்னும் 'குட்டி' என்றுதான் கூப்பிடுவாள். பால் பாக்கெட் வந்த நாளுக்கெல்லாம் காலண்டரில் பென்சிலால் ஒரு டிக் போடுவாள். அந்த டிக்குக்குக் கீழே சின்னதாக ஒரு வால் சுழிப்பாள். "உன் டிக்குக்கும் உன்னை மாதிரியே வாலு" என்று தங்கை கேலி செய்வாள். இந்த வாலை மறந்துவிடாதீர்கள்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் பேராசிரியை ஒரு பெரிய கணக்கெடுப்பு நடத்தினாள். வேலைக்குப் போகிற பெண்கள் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு பேர். பெயர் எழுத வேண்டாம், வயதும் வேலையும் போதும். ஆளுக்கு ஒரு கேள்வித்தாள், ஒரு பென்சில், ஒரு ரப்பர். பேனா கொடுத்தால் தப்பாகப் போட்டுவிட்டோமே என்று கை நடுங்கும், பென்சில் என்றால் தைரியமாகப் போடுவார்கள் என்று அவளே யோசித்துச் செய்த ஏற்பாடு. முதல் பன்னிரண்டு தாள்களை, கேள்வி புரிகிறதா என்று பார்ப்பதற்காகத் தெரிந்தவர்களிடமே கொடுத்தாள். அந்தப் பன்னிரண்டு பேரில் அக்காவும் ஒருத்தி.

பதினேழாவது கேள்வி இதுதான்: 'உங்கள் விருப்பத்துக்கு மாறாக யாராவது உங்களைப் பலவந்தப்படுத்தியது உண்டா?' பக்கத்தில் இரண்டு கட்டம், உண்டு, இல்லை. பதினெட்டாவது கேள்வி: 'உண்டு என்றால் எத்தனை நாளில் யாரிடம் சொன்னீர்கள்?'

தாள்கள் மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தன. கம்ப்யூட்டரில் ஏற்ற ஆள் வைக்க வசதியில்லை. "நான் அடிச்சுத் தரேன் குட்டி, எனக்கென்ன, விரல் சும்மாதானே இருக்கு" என்று அக்காதான் முன்வந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் சாப்பாட்டு மேஜையை ஒழித்துவிட்டு அக்கா அடிப்பாள், எதிரில் தங்கை தாள்களை அடுக்குவாள். உண்டு என்றால் ஒன்று, இல்லை என்றால் சைபர். அந்தக் காலத்து நிரல் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அந்த ஆளையே கணக்கிலிருந்து தூக்கி எறிந்துவிடும்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே அக்கா ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"குட்டி, பதினேழைக் காலியா விட்டிருந்தா என்ன போடணும்?"

"சைபர் போடுக்கா." தங்கை தலையைக்கூடத் தூக்கவில்லை.

"சைபர்னா இல்லைன்னுல்ல ஆயிடும்?"

"ஆமா. காலியா விட்டா தாளே வீணாயிடும்."

"இல்லடி, ஒருவேளை ஏதாவது இருந்து..."

"இருந்தா போட்டிருப்பாங்கக்கா. பேரா எழுதச் சொன்னோம்? சைபர் போடு."

அக்கா சைபர் போட்டாள். அப்படி இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் போட்டாள்.

கணக்கு வந்தது. 'உண்டு' என்றவர்கள் நூற்று நாற்பத்து மூன்று பேர். அவர்களில் நூற்றுப் பதினெட்டுப் பேர் ஏழு நாளுக்குள் அம்மாவிடமோ, சிநேகிதியிடமோ, யாரிடமாவது சொல்லியிருந்தார்கள். பத்துக்கு எட்டுப் பேர்! 'மீதி ஆயிரத்து மூன்று பேருக்கு அத்தகைய அனுபவம் இல்லை' என்று ஒரே வரியில் எழுதிவிட்டு, 'உண்மையிலேயே பாதிக்கப்பட்ட பெண் பெரும்பாலும் ஏழு நாளுக்குள் நெருங்கிய ஒருவரிடம் சொல்லிவிடுகிறாள்' என்று பேராசிரியை கட்டுரையை முடித்தாள். பெரிய பத்திரிகையில் வந்தது. அம்மாகூட அதை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள், தலைப்பை மட்டும் யாருக்கும் காட்டாமல்.

என்ன கொடுமை பாருங்கள். வாய் திறந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு, எல்லாரும் வாய் திறப்பார்கள் என்று எழுதியாகிவிட்டது. பெயரில்லாத தாளிடம்கூடச் சொல்ல முடியாதவள் அம்மாவிடம் எங்கே போய்ச் சொல்லுவாள்? இதைக் கேட்க அப்போது ஒருத்தருக்கும் தோன்றவில்லை, பேராசிரியைக்கும் சேர்த்துத்தான்.

வக்கீல்கள் 'ஏழு நாள் ஆய்வு' என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். எந்தப் பெண்ணாவது ஆறு மாதம் கழித்துப் புகார் கொடுத்தால் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து அந்த வரியைப் படிப்பார். நாலு வழக்கில் பேராசிரியையே சாட்சிக் கூண்டில் ஏறி, ஆமாம், என் ஆய்வு அப்படித்தான் சொல்கிறது என்றாள். நாலிலும் ஆண்கள் விடுதலையானார்கள். அவள் நேர்மையாகத்தான் சொன்னாள், முதல் இரண்டு தடவை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவளிடம் முனைவர் பட்டத்துக்குப் படித்த ஒரு மாணவி, ஒல்லியாக, எப்போதும் காதில் பென்சில் சொருகிக்கொண்டு திரிகிற பெண், பழைய கணக்கை எடுத்து மறுபடி போட்டுப் பார்த்திருக்கிறாள். ஒருநாள் மதியம் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. காலியா விட்டவங்களை எல்லாம் இல்லைன்னு சேர்த்திருக்கீங்க. அவங்கள்ல பாதிப் பேர் சொல்ல முடியாம விட்டவங்களா இருந்தாக்கூட அந்த முடிவே நிக்காது."

பேராசிரியைக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. இரண்டாவது தடவை யோசிக்க வேண்டிய விஷயமே இல்லை அது.

"உன் தலைப்பு வேற இல்லையாம்மா? அதைப் பாரு" என்றாள்.

மாணவி எழுந்து கதவைத் திறந்துகொண்டு போனாள். அடுத்த மாதம் வேறு பேராசிரியரிடம் மாறிக்கொண்டாள், பிறகு ஊரை விட்டே போய்விட்டாள். அதற்கப்புறமும் பேராசிரியை இரண்டு தடவை கூண்டேறி அதே வரியைச் சொன்னாள். போலீஸ் பயிற்சிப் பள்ளியில் வகுப்பெடுக்கப் போனால் மட்டும், 'பாதிக்கப்பட்டவர்கள் ஏன் தாமதமாகச் சொல்கிறார்கள்' என்று வேறு யாரோ செய்த ஆராய்ச்சியை வைத்துப் பாடம் நடத்துவாள். பயம், அவமானம், யார் நம்புவார்கள் என்ற எண்ணம், பிழைப்பு போய்விடும் என்ற கவலை. பத்து மதிப்பெண் கேள்வி அது. தன் பழைய கட்டுரையைப் பற்றி அங்கே மூச்சு விடமாட்டாள்.

ஓய்வு பெற மூன்று மாதம் இருக்கும்போது சம்மன் வந்தது.

ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் இருந்த பெண், இருபத்து மூன்று வயது. முதலாளி டாக்டர் மேல் புகார். பதினாலு மாதம் கழித்துக் கொடுத்திருக்கிறாள், நடுவில் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரின் வக்கீல் பேராசிரியைக்குப் பழைய பழக்கம், முன்பு மூன்று தடவை அவளைக் கூண்டேற்றியவர் அவர்தான்.

"மேடம், வழக்கம்போல பத்து நிமிஷ வேலை" என்றார் போனில். "அரசு வக்கீல் புதுசு, துடிப்பான ஆளு. மூலத் தாளெல்லாம் இருக்கான்னு கேக்கிறாரு. இருந்தா கொண்டு வாங்க, இல்லைன்னா கரையான் அரிச்சுடுச்சுன்னு சொல்லிடலாம்."

கரையான் அரிக்கவில்லை. துறையின் கீழ்த்தளக் கிடங்கில், உடைந்த நாற்காலிகளுக்குப் பின்னால், ஒன்பது அட்டைப்பெட்டியில் பத்திரமாக இருந்தன. பேராசிரியை மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு காலியாக விட்ட இருநூற்றுப் பன்னிரண்டையும் தனியே பிரித்தாள். எதற்கென்று கேட்டால் அவளுக்கே தெரியாது. ஒரு தாளைத் தூசி தட்ட ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். 'உண்டு' கட்டத்தில் பென்சில் அழுத்திய பள்ளம் தெரிந்தது. டிக் போட்டு, ரப்பரால் அழித்திருந்தார்கள்.

அடுத்ததையும் சாய்த்தாள். அதில் ஒன்றுமில்லை. அதற்கடுத்ததில் இருந்தது. சாயங்காலம் வாட்ச்மேன் வந்து கதவைத் தட்டும்வரை ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தாள். அறுபத்தொரு தாளில் அழித்த தடம் இருந்தது. பென்சிலும் ரப்பரும் அவள் கொடுத்ததுதானே. தைரியமாகப் போடட்டும் என்று கொடுத்தாள். அவர்களும் போட்டார்கள், பிறகு தைரியம் போய் அழித்தார்கள். தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. வாட்ச்மேன் இருந்ததால் அடித்துக்கொள்ளவில்லை.

அறுபத்தொன்றாவது தாள் முதல் பெட்டியின் அடியிலிருந்து பிரித்தெடுத்தது. முதல் பன்னிரண்டில் ஒன்று. வயது முப்பத்தெட்டு. வேலை, டைப்பிஸ்ட். வீட்டில் மொத்தம் மூன்று பேர். மற்றக் கேள்விகளுக்கெல்லாம் டிக் போட்டிருந்தது, ஒவ்வொரு டிக்குக்கும் கீழே சின்னதாக ஒரு வால். பதினேழாவது கேள்வியில் அழித்த தடத்துக்குக் கீழேயும் அந்த வால் இருந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. அக்கா கதவைத் திறந்து, "என்னடி, மூஞ்சியெல்லாம் தூசி? ரிடையர் ஆகற வயசுல குழி தோண்டப் போனியா?" என்றாள். டீ வைத்துக் கொடுத்தாள். அக்கா காலண்டரின் முன்னால் நின்று டிக் போடுவதைத் தங்கை பார்த்துக்கொண்டே இருந்தாள். கேட்கலாம். 'அக்கா' என்று ஆரம்பித்தால் போதும். ஊர் உலகத்துப் பெண்கள் ஆயிரம் பேரைக் கேட்டவளுக்கு, எதிரில் நிற்கிற ஒருத்தியைக் கேட்க நாக்கு எழவில்லை.

"டீ ஆறிடுச்சு பாரு" என்றாள் அக்கா.

"ஆறத்தான் வெச்சிருக்கேன்" என்றாள் இவள்.

வழக்கு நாள் வரை அந்த வீட்டில் வேறு பேச்சு நடந்தது. குழாய் சொட்டுகிறது, அக்காவின் முழங்கால் வலி, பக்கத்து வீட்டு நாய் எல்லாம் பேசினார்கள். பேராசிரியை ஒரு முடிவு மட்டும் எடுத்திருந்தாள். இந்தத் தடவை உண்மையைச் சொல்லிவிடுவது. பேர் கெடும், வேலையிலிருந்து போகும்போது மரியாதையாகப் போக முடியாது, எல்லாம் தெரியும். ஆனால் பல் ஆஸ்பத்திரிப் பெண் பிழைத்துக்கொள்வாள். அது ஒன்றாவது நடக்கட்டும் என்று நினைத்தாள். தாள்களைக் கட்டும்போது அறுபதைத்தான் கட்டினாள். மிச்சம் ஒன்றை மடித்துக் கைப்பையின் உள் ஜிப்பில் வைத்துக்கொண்டாள்.

கோர்ட்டில் மின்விசிறி இரண்டில் ஒன்று ஓடவில்லை. பல் ஆஸ்பத்திரிப் பெண் பின் பெஞ்சில் அவளுடைய அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். மடியில் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகுவதும் திறப்பதுமாக இருந்தாள். டாக்டர் முன்னால் சட்டை கசங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"உங்க ஆய்வோட முடிவை நீதிபதி அய்யாவுக்குச் சொல்லுங்க மேடம்" என்றார் வக்கீல், பத்து நிமிஷ வேலையை எட்டு நிமிஷத்தில் முடிக்கிற குரலில்.

"அந்த முடிவு தப்புங்க" என்றாள் பேராசிரியை.

சுருக்கெழுத்துக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். காலிக் கட்டத்துக்கு சைபர் போட்டது, அழித்த தடம், அறுபது தாள். தாள்களை நீட்டினாள். நீதிபதி ஒன்றை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அரசு வக்கீலின் முகம் மலர்ந்தது. பின் பெஞ்சில் பாட்டில் மூடி திருகுவது நின்றது.

டாக்டரின் வக்கீல் லேசுப்பட்ட ஆள் இல்லை. சாட்சி தன் தரப்புக்கு மாறாகப் பேசுவதால் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி கேட்டார். கிடைத்தது. பழைய பழக்கமெல்லாம் அந்த நிமிஷத்தோடு போயிற்று.

"இந்தத் தப்பு உங்களுக்கு எப்பத் தெரியும்? இந்தத் தாளைப் பாத்த அன்னிக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? அவள் சொல்லவில்லை.

"பதினோரு வருஷம் முன்னாடியே தெரியும். ஒரு மாணவி சொன்னாங்க."

"பதினோரு வருஷம்!" வக்கீல் நீதிபதியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அதுக்கப்புறம் ரெண்டு தடவை இதே கூண்டுல ஏறி, சத்தியம் பண்ணி, ஆய்வு சரின்னு சொன்னீங்க. இல்லையா?"

"சொன்னேன்."

"யாராவது மிரட்டினாங்களா?"

"இல்லை."

"வாயைக் கட்டிப் போட்டாங்களா?"

"இல்லை."

"ஏங்க, படிச்சவங்க, பேராசிரியை. தொலைபேசி இருக்கு, பத்திரிகை இருக்கு, சொல்ல எத்தனை வழி இருக்கு! பதினோரு வருஷமா ஏன் சொல்லல?"

பேராசிரியை வாயைத் திறந்தாள். பயம், அவமானம், யார் நம்புவார்கள், பிழைப்பு. பத்து மதிப்பெண் கேள்வி. கரும்பலகையில் எத்தனையோ தடவை எழுதிப்போட்ட பதில். ஒன்றுகூட நாக்குக்கு வரவில்லை. வந்திருந்தாலும் அதில் ஒன்றும் முழு உண்மையாக இருந்திருக்காது. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தாள், நாள் போகப் போக, இவ்வளவு நாள் சொல்லாதவள் இனி எந்த முகத்தோடு சொல்வது என்று ஆகிவிட்டது. அவ்வளவுதான். அதை எப்படி ஒரு கூண்டில் நின்றுகொண்டு சொல்ல முடியும்?

"தெரியலைங்க" என்றாள்.

"தெரியலை" என்று வக்கீல் சுருக்கெழுத்துக்காரருக்காக ஒரு தடவை நிறுத்திச் சொன்னார். "அப்போ இன்னிக்கு நீங்க சொல்றது மட்டும் உண்மைன்னு நாங்க எதை வெச்சு நம்பறது?"

வெளியே வராந்தாவில் பேராசிரியை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பல் ஆஸ்பத்திரிப் பெண் அருகில் வந்து பாட்டிலை நீட்டினாள்.

"தண்ணி குடிங்க மேடம். என்னையும் அவர் இப்படித்தான் கேட்டாரு. மிரட்டினாங்களா, வாயைக் கட்டினாங்களா, ஏன் சொல்லல. இதே வரிசையில."

"நீ என்னம்மா சொன்னே?"

"தெரியலைன்னுதான் சொன்னேன்."

மூன்று வாரத்தில் தீர்ப்பு வந்தது. டாக்டர் விடுதலை. பேராசிரியையைப் பற்றித் தீர்ப்பில் ஒரு பத்தி இருந்தது. பதினோரு ஆண்டுகள் மௌனமாக இருந்துவிட்டுத் திடீரென்று மாற்றிப் பேசுகிற சாட்சியை நம்புவதற்கில்லை. ஆய்வு இன்றுவரை திரும்பப் பெறப்படவில்லை, ஆகவே அது செல்லும். திரும்பப் பெறச் சொல்லி அவள் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்துக்கு, 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்திருந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பிரிவுபசார விழாவைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. மாணவர்கள் கட்டம் மேடம் என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அது அவளுக்கு மற்ற எல்லாவற்றையும்விட வலித்தது.

தீர்ப்பு வந்த அன்று சாயங்காலம் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டாள். அக்கா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பழைய தலையணை உறைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணு தோத்துட்டா அக்கா."

"ரேடியோவுல சொன்னான்." அக்கா நூலைப் பல்லால் கடித்தாள். "நீ கூண்டுல முழிச்சதையும் சொன்னான், கடன்காரன்."

பேராசிரியை எதிரில் உட்கார்ந்தாள். கைப்பையைத் திறந்து, உள் ஜிப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்து, மடிப்பைப் பிரித்து மேஜையில் வைத்தாள். ஏன் என்று மட்டும் கேட்கக் கூடாது என்று வழி நெடுக மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்திருந்தாள்.

அக்கா கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுப் பார்த்தாள். அவளுக்குச் சாய்த்துப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

"இப்பத்தான் பாத்தியா?"

"இப்பத்தான்."

அக்கா கையிலிருந்த ஊசியைத் தலையணை உறையில் குத்தி வைத்தாள். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள் அதற்கு.

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா குட்டி? நீ அப்பவே பாத்துட்டேன்னு நெனச்சேன். தாள் தாளா அடுக்கினவ நீதானே. அழிச்சாலும் தெரியற மாதிரிதான் அழிச்சேன். பாத்துட்டு, கேக்க வேண்டாம்னு இருக்கேன்னு நெனச்சேன். இருபத்தாறு வருஷமா அப்படித்தான் நெனச்சுட்டு இருந்தேன்."

"அக்கா..."

"எங்க மேனேஜர்தான். அவன் செத்தப்பப் பூ வாங்கிட்டுப் போனோமே, நீயும் வந்தே. ஆட்டோவுல எனக்குத் தலை சுத்துச்சுன்னு காத்து வர்ற ஓரமா உட்கார வெச்சே."

பேராசிரியைக்கு அழுகை முட்டியது. அழ உரிமை இருக்கிறதா என்று தெரியாமல் அடக்கிக்கொண்டாள்.

"வாயால ஒரு தடவை சொல்லியிருக்கலாமேக்கா" என்றாள். சொன்ன பிறகுதான் தான் என்ன கேட்டுவிட்டோம் என்று உறைத்தது. வக்கீல் கேட்டதைத்தான் கேட்டிருந்தாள், மரியாதையை மட்டும் குறைத்துக்கொண்டு.

அக்கா கோபப்படவில்லை. தாளை எடுத்து, பழைய மடிப்பிலேயே திரும்ப மடித்தாள்.

"சொல்ல வந்தேனே. இதே மேஜையில. காலியா விட்டிருந்தா என்ன போடணும்னு கேட்டேன், ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப என் கையில இருந்தது இந்தத் தாள்தான்."